டெல்ஃப்ட் நீல டைல் பண்றது எப்படி: முதல்ல வெள்ளை, அப்புறம்தான் நீலம்

டெல்ஃப்ட் ப்ளூ, அதாவது நெதர்லாந்துல இருக்கற டெல்ஃப்ட் ஊர் பேர்ல வெள்ளை மேல நீலத்துல வரையற மண் பாத்திர, டைல் வேலை, அதைப் பண்ணிப் பாக்கணும்னு ஆசைப்படறவங்க எடுத்ததும் கேக்கறது நீலத்தைப் பத்திதான், நீலம் தர்ற கோபால்ட் எதை வாங்கணும், எந்த ப்ரஷ் நல்லதுன்னு. நியாயமான கேள்விதான், ஆனா நான் வெள்ளைலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். நெதர்லாந்துல 400 வருஷத்துக்கு மேல நடக்கற இந்தக் கைவேலைல கஷ்டமான பாதி அந்த வெள்ளை க்ளேஸ்தான், அதாவது மண்ணு மேல பூசிச் சுட்டதும் கண்ணாடி மாதிரி ஆகற பூச்சு. உள்ள இருக்கறது மஞ்சளா பழுப்பா வேகற சாதா மண்ணு, அதை முழுசா மூடி பளிச்னு ஒரு வெள்ளைத் தளம் கொடுத்துட்டா மேல நீலம் தானா எடுப்பா நிக்கும், வெள்ளை சரியில்லன்னா எவ்வளவு பெரிய கைகாரர் வரைஞ்சாலும் நீலம் அழுக்காத்தான் தெரியும்.

கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன், செய்முறை ஏன் இப்படி இருக்குன்னு அப்பத்தான் புரியும். தகரம் கலந்த வெள்ளை க்ளேஸ் போடற வித்தை இத்தாலிக்காரங்க மூலமா 1500கள் ஆரம்பத்துல, இப்ப பெல்ஜியம்ல இருக்கற ஆண்ட்வெர்ப்புக்கு வந்துச்சு, 1585ல அந்த ஊர் ஸ்பெயின் படைகிட்ட விழுந்ததும் நிறைய குயவர்கள் வடக்க ஹார்லெம், ராட்டர்டாம், டெல்ஃப்ட்னு கிளம்பிப் போயிட்டாங்க. 1602ல டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிக்குது, 1603ல சாந்தா கேட்டரினாங்கற போர்ச்சுகீசியக் கப்பலைப் புடிச்சு அதுல இருந்த சீனப் பீங்கானை 1604ல ஆம்ஸ்டர்டாம்ல ஏலம் விட்டாங்க, அந்த நீலமும் வெள்ளையும் பாத்து பணக்கார வீடெல்லாம் கிறங்கிப் போச்சு. 1644ல சீனாவுல மிங் ஆட்சி கவுந்து பீங்கான் வரத்து கொறைஞ்சப்போ அந்த எடத்தைப் புடிச்சது டெல்ஃப்ட். பீர் காய்ச்சற தொழில் நொடிச்சுப் போய் காலியாக் கெடந்த பெரிய கட்டடங்கள்ல பட்டறை போட்டாங்க, 1700 வாக்குல அந்தச் சின்ன ஊர்ல 30க்கும் மேல பட்டறை ஓடுச்சு. ஆனா சீனாக்காரங்ககிட்ட இருந்த கயோலின்ங்கற வெள்ளைப் பீங்கான் மண்ணோ 1300 டிகிரி சூளையோ இவங்ககிட்ட கிடையாது, அதனாலதான் கீழ சாதா மண்ணு, மேல வெள்ளைப் பூச்சுங்கற வழி. (இலங்கை நெடுந்தீவுக்கு டச்சுக்காரங்க வச்ச டெல்ஃப்ட்ங்கற பேர் இந்த ஊரோட பேர்தான், கம்பெனியோட ஆறு கிளைல ஒண்ணு டெல்ஃப்ட்ல இருந்துச்சு.)

ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். 1653ல ஆரம்பிச்சு ராயல் டெல்ஃப்ட்ங்கற பேர்ல இன்னைக்கும் ஓடற பட்டறைல இப்ப நடக்கறது வேற முறை. 1876ல யோஸ்ட் தோஃப்ட்ங்கறவர் அதை வாங்கினதுக்கப்புறம் இன்னும் கெட்டியான வெள்ளை மண்ணுக்கு மாறிட்டாங்க, ஒரு தடவை சுட்ட பாத்திரத்து மேல நேரடியா வரைஞ்சு, அதுக்கு மேல க்ளேஸ்ல முக்கி எடுப்பாங்க, அந்த க்ளேஸ் சூளைக்குள்ள கண்ணாடியா மாறி கீழ இருக்கற படத்தைக் காட்டும். நான் இங்க சொல்லப் போறது அதுக்கு முந்தின பழைய முறை, சுடாத வெள்ளை க்ளேஸ் மேலயே வரையறது. இதுல அழிக்க முடியாது, திருத்த முடியாது, ஆனா கோடு க்ளேஸோட சேந்து உருகி உள்ள இறங்கும்போது வர்ற மென்மை இருக்கு பாருங்க, அது வேற எந்த முறைலயும் வராது.

முதல் வேலைக்கு தட்டு, ஜாடி எல்லாம் வேண்டாம், ஒரு டைல் பண்ணுங்க. டச்சு டைலோட பழைய அளவு கிட்டத்தட்ட 13 செ.மீ சதுரம், தட்டையா இருக்கறதால க்ளேஸ் வழியாது, கையை ஊன்றி வரையலாம், கெட்டுப் போனா நஷ்டமும் கம்மி. டெல்ஃப்ட் டைல்னு நாம சொல்றதுல பெரும்பங்கு டெல்ஃப்ட்லயே செஞ்சதும் கிடையாது, ராட்டர்டாம், உட்ரெக்ட், ஹார்லிங்கன், மக்கும் ஊர்கள்லதான் டைல் வேலை அதிகம். அடுப்பங்கரை, நெலவறை, சுவரோட அடிப்பக்கம் எல்லாத்துலயும் இதைப் பதிப்பாங்க, தண்ணி ஊத்தித் தரை கழுவறப்ப சுண்ணாம்புச் சுவர் கெடாம இருக்கணுமே. வெர்மீர் வரைஞ்ச பால் ஊத்தற பொண்ணு படத்துல கீழ வலது பக்கம் பாருங்க, சுவரோரமா அந்த டைல் வரிசை இருக்கும், ஒண்ணுல வில்லு வச்ச க்யூபிட் கூட தெரியும். வெர்மீரும் டெல்ஃப்ட்காரர்தான், ஓவியர்களும் பீங்கான் பட்டறைக்காரங்களும் அங்க ஒரே சங்கத்துல இருந்தாங்க.

இப்ப மண்ணு. டெல்ஃப்ட்காரங்க ஒரே மண்ணை வச்சு வேலை செய்யல, உள்ளூர் மண்ணு, ஜெர்மனி பக்கத்துலேர்ந்து வந்த மண்ணு, அப்புறம் இப்ப பெல்ஜியம்ல இருக்கற டூர்னேலேர்ந்து வந்த சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி இருக்கற மார்ல் மண்ணு, இதெல்லாம் கலந்து தண்ணில கரைச்சு வடிகட்டி மிதிச்சுதான் எடுத்துக்கிட்டாங்க. அந்த சுண்ணாம்புதான் இங்க முக்கியம். அது ரெண்டு வேலை செய்யுது. சுட்டதும் மண்ணோட சிவப்பு கொறைஞ்சு வெளிர் மஞ்சளாகும், அதனால மேல போடற வெள்ளை ஈஸியா மூடிடும். ரெண்டாவது, சூடு ஆறும்போது மண்ணு க்ளேஸை விட கொஞ்சம் கூடவே சுருங்கும், க்ளேஸ் இறுக்கமா உக்காரும், விரிசல் விடாது. வெறும் டெரகோட்டால தகர க்ளேஸ் போட்டா கொஞ்ச நாள்ல மேல முடி முடியா கோடு விழறதுக்குப் பெரும்பாலும் இந்தச் சுருக்கம் ஒத்துப் போகாததுதான் காரணம்.

அதனால கடைல வாங்கறப்ப மஜோலிகா (தகர வெள்ளை க்ளேஸ் மேல வரையற வேலை) பண்ண ஏத்த எர்தன்வேர் மண்ணு, அதாவது கம்மி சூட்டுல வேகற மண்ணு, கால்சியம் உள்ளதுன்னு கேட்டு வாங்குங்க. கிடைக்கலன்னா டெரகோட்டா மண்ணுல சன்னமா அரைச்ச கால்சியம் கார்பனேட் பவுடரை 10, 15, 20 சதவீதம்னு மூணு விதமா கலந்து சின்னச் சின்ன வில்லையா சுட்டுப் பாருங்க, உங்க க்ளேஸுக்கு எது ஒத்து வருதோ அதை எடுத்துக்கோங்க. பவுடர் நைஸா இருக்கணும், சின்ன சுண்ணாம்புக் கட்டி ஒண்ணு உள்ள மாட்டினாலும் சுட்டதுக்கப்புறம் அது காத்துல ஈரத்தை இழுத்து ஊதி, மேல இருக்கற க்ளேஸைப் பெயர்த்துக்கிட்டு வெளிய வந்துடும்.

மண்ணை நல்லா பிசைஞ்சு காத்து இல்லாம எடுத்து, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல குச்சி வச்சு நடுவுல உருட்டி பலகையா ஆக்குங்க, 9 அல்லது 10 மி.மீ தடிமன் போதும். ஒரே பக்கமா உருட்டாதீங்க, திருப்பித் திருப்பி உருட்டுங்க, இல்லன்னா காயறப்ப ஒரு மூலை தூக்கிக்கும். உடனே வெட்டாதீங்க. கொஞ்சம் இறுகி, எடுத்தா வளையாத பதம் வந்ததும் இன்னொரு தடவை லேசா உருட்டி தட்டையாக்கிட்டு அப்புறம் வெட்டுங்க. பழைய டைல் கையில கிடைச்சா மூலைகளை சாச்சுப் பாருங்க, ஊசி முனை அளவுக்கு சின்னக் குழி தெரியும். வெட்டறதுக்கு வச்ச அளவுப் பலகைல சின்ன ஆணி அடிச்சிருப்பாங்க, மண்ணு நகராம இருக்க, அந்த ஆணியோட தடம்தான் அது. நீங்களும் ஒரு மரப்பலகைல எதிரெதிர் மூலைல ரெண்டு ஆணி அடிச்சு வச்சுக்கலாம், வேலை சுத்தமா வரும். அளவு கணக்குல சுருக்கத்தை மறந்துடாதீங்க, மொத்தம் 10 சதவீதம் சுருங்கற மண்ணுன்னா 13 செ.மீ வேணும்னா 14.4 செ.மீக்கு வெட்டணும். ரெண்டு பலகைக்கு நடுவுல துணி வச்சு மெதுவா காய விடுங்க, வெயில்ல வைக்காதீங்க.

முதல் சுடல். இதை பிஸ்க்னு சொல்வாங்க. ஆரம்பத்துல ரொம்ப மெதுவா, தண்ணி முழுக்க போற வரைக்கும் 100 டிகிரிக்குக் கீழயே கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் 1040லேர்ந்து 1060 வரைக்கும் கொண்டு போங்க. கம்மியா சுட்டா போதாதான்னு தோணும். போதாது. மண்ணுல இருக்கற சுண்ணாம்பு உடைஞ்சு வர்ற வாயு முழுக்க இந்தச் சுடல்லயே வெளிய போயிடணும், மிச்சம் இருந்தா ரெண்டாவது சுடல்ல க்ளேஸைத் துளைச்சுக்கிட்டு வரும், வெள்ளைல குண்டூசிக் குத்து குத்தா ஓட்டை விழும். அதனாலதான் க்ளேஸ் சுடலை விட பிஸ்க் சுடல் ஒரு 20, 30 டிகிரி ஜாஸ்தியா இருக்கணும்னு சொல்றது.

அடுத்தது வெள்ளை, இதுக்கு நிதானமா நேரம் ஒதுக்குங்க. அந்தக் காலத்துல ஈயத்தையும் தகரத்தையும் சேத்து உருக்கி, மேல படியற சாம்பலை எடுத்து, மணலும் உப்பும் சோடாவும் உருக்கின கண்ணாடியோட கலந்து, குதிரை சுத்தற செக்குல அரைச்சு எடுப்பாங்க. ஈயம் வேண்டவே வேண்டாம், அது அந்தப் பட்டறை ஆளுங்க உடம்பையே அரிச்ச விஷம். இன்னைக்கு ஈயமில்லாத ஃப்ரிட் (உருக்கி அரைச்ச கண்ணாடித் தூள்) கிடைக்குது, அதுல தகர ஆக்ஸைடு 5லேர்ந்து 10 சதவீதம், செலவைக் கொறைக்க ஸிர்கோனியம் கொஞ்சம் சேத்த ரெடிமேட் மஜோலிகா வெள்ளையும் விக்கறாங்க. முடிஞ்சா தகரம் இருக்கறதையே வாங்குங்க. தகர ஆக்ஸைடு உருகின கண்ணாடில முழுசா கரையாம துகள் துகளா நின்னு வெளிச்சத்தை சிதறடிக்குது, அந்த வெள்ளைல ஒரு வெதுவெதுப்பு இருக்கு. ஸிர்கோனியம் மட்டும் போட்ட வெள்ளை எனக்கு எப்பவும் கொஞ்சம் குளியலறை வெள்ளையாத்தான் தெரியுது. இன்னொரு லாபம், இந்த வகை க்ளேஸ் உருகினாலும் கெட்டியாவே நிக்கும், ஓடாது, அதனாலதான் மேல போட்ட மெல்லிசுக் கோடு கூட கலையாம இருக்கு.

பிஸ்க் டைலை ஈரத் துணியால தொடச்சு தூசி இல்லாம பண்ணுங்க, மேல் பக்கத்தை விரலால தொடாதீங்க, எண்ணெய்ப் பசை பட்ட எடத்துல க்ளேஸ் ஒட்டாது. க்ளேஸை 80 மெஷ் சல்லடைல ரெண்டு தடவை வடிகட்டிட்டு, டைலை சாச்சுப் புடிச்சு ஒரே வீச்சுல மேல ஊத்துங்க, நடுவுல நிறுத்தினா அந்த எடம் திட்டா தெரியும். பிஸ்க் தண்ணியை உடனே உறிஞ்சிக்கும், சில நொடில பளபளப்பு போய் மங்கலா ஆயிடும். ஒரு ஓரத்துல ஊசியால கீறி தடிமன் பாருங்க, 1 மி.மீக்குக் கொஞ்சம் கம்மியா இருந்தா சரி. மெல்லிசா இருந்தா மண்ணு நிறம் எட்டிப் பாக்கும், தடியா இருந்தா சுடும்போது சுருண்டு வெறும் மண்ணைக் காட்டிடும். அடிப்பக்கமும் ஓரமும் சுத்தமா தொடச்சிடுங்க. நல்லா காஞ்சதும் சின்னச் சின்ன ஓட்டை இருந்தா விரலால மெதுவா தேச்சு அடைங்க, அப்ப வர்ற பவுடரை ஊதக் கூடாது, மாஸ்க் போட்டுக்கிட்டு ஈரத் துணில எடுங்க.

படம் ஏத்தறதுக்கு பட்டறைல ஸ்பான்ஸ்ங்கற ஒரு முறை உண்டு. மெல்லிசுத் தாள்ல படத்தை வரைஞ்சு கோட்டு மேலயே ஊசியால நெருக்கமா குத்திடுவாங்க, டைல் மேல வச்சு கரித்தூள் கட்டின துணி மூட்டையால தட்டினா ஓட்டை வழியா புள்ளி புள்ளியா படம் இறங்கிடும், நம்ம வீட்டுல ஓட்டை போட்ட கோல அச்சை வச்சு மாவு தட்டற அதே வேலை. கரி சூளைல எரிஞ்சு போயிடும், தடம் இருக்காது. அடுப்புக் கரியை சன்னமா அரைச்சுக்கிட்டா போதும், பென்சில் கார்பன் எல்லாம் வேண்டாம். நடுவுல ஒரு படகோ, விளையாடற குழந்தையோ, பூந்தொட்டியோ வச்சு, நாலு மூலைலயும் சின்ன மோட்டிஃப் போடறதுதான் வழக்கம். மாட்டுத்தலை, சிலந்தி, லில்லின்னு அதுகளுக்கு பேரே இருக்கு. நாலு டைலை சேத்து வச்சா மூலையெல்லாம் ஒண்ணு கூடி புதுசா ஒரு பூ கிடைக்கும், அதனால மூலையை முக்கியமில்லன்னு விட்டுடாதீங்க.

நீலத்துக்கு வருவோம். கோபால்ட் அப்ப சாக்சனி சுரங்கத்துலேர்ந்து வந்துச்சு, அதுல இருந்த இரும்பு, நிக்கல் மாதிரி கலப்படம்தான் பழைய நீலத்துக்கு ஒரு சாம்பல் சாயலைக் கொடுத்துச்சு. இப்ப கிடைக்கற சுத்தமான கோபால்ட் கண்ணைக் குத்தும், அதுல துளியூண்டு இரும்பு ஆக்ஸைடும் மாங்கனீஸும் சேத்துப் பாருங்க, நீலம் அடங்கி வரும். கூடவே ஈயமில்லாத ஃப்ரிட் பவுடர் சம அளவு கலந்தா க்ளேஸோட நல்லா உருகும், கருவேலம் பிசின் கரைசல் சில சொட்டு விட்டா ப்ரஷ் வழுக்கிட்டு ஓடும். கோபால்ட் பவுடர் மூச்சுல போகக் கூடாது, வாயிலயும் படக் கூடாது, ப்ரஷ் நுனியை உதட்டுல வச்சுக் கூராக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க, மாங்கனீஸும் அப்படித்தான்.

கலந்ததும் நேரா டைலுக்குப் போகாதீங்க. கோபால்ட் ஆக்ஸைடு சுடறதுக்கு முன்னாடி கருப்பு, கார்பனேட்டா இருந்தா ஊதா கலந்த இளஞ்சிவப்பு, வரையறப்ப தெரியற நிறத்துக்கும் சூளைலேர்ந்து வர்றதுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால ஒரு சின்ன டைல்ல அதே வெள்ளை போட்டு, தண்ணி கூட்டிக் கூட்டி அஞ்சு விதமா தீத்தி, பக்கத்துலயே நம்பர் எழுதி சுட்டு வச்சுக்கோங்க. டெல்ஃப்ட் நீலத்துல இருக்கற அத்தனை சாயலும் ஒரே கலர்தான், தண்ணி அளவு மட்டும்தான் மாறுது.

வரையறது ரெண்டு கட்டம். முதல்ல ட்ரெக், அதாவது வெளிக்கோடு, கெட்டியான அடர் நீலத்துலயோ மாங்கனீஸ் ஊதாவுலயோ போடறது. இதுக்கு நீளமான மயிர் உள்ள மெல்லிசு ப்ரஷ் வேணும், அணில் முடி மாதிரி தண்ணி நிறைய புடிக்கற முடியா இருந்தா நல்லது. காஞ்ச க்ளேஸ் பட்ட மாத்திரத்துல தண்ணியை இழுத்துடும், தயங்கி நின்னீங்கன்னா அந்த எடத்துல ஒரு கரும்புள்ளி. ப்ரஷை கிட்டத்தட்ட நேரா நிறுத்தி, நுனி மட்டும் பட, தோள்லேர்ந்து இழுங்க, விரலால வரையாதீங்க. அழுத்தினா க்ளேஸ் பெயர்ந்து வந்துடும். கோட்டோட நடுவுல மை தீந்துச்சுன்னா விட்ட எடத்துலேர்ந்து ஒட்டுப் போடாதீங்க, அந்த விடுபட்ட கோடு அப்படியே இருக்கட்டும், பழைய டைல்ல எல்லாம் அது இருக்கு, பாக்கவும் உயிரா இருக்கு. கை பழகறதுக்கு ஒரு பிஸ்க் துண்டு மேல மீதி க்ளேஸை ஊத்தி அதுல அலை, இலை, புல்லு, வளைவுன்னு இழுத்துக்கிட்டே இருங்க, கழுவிட்டு காய வச்சு திரும்ப ஊத்திக்கலாம்.

ரெண்டாவது உள்ள நிரப்பறது. கொஞ்சம் உருண்ட, தடிச்ச ப்ரஷ்ல தண்ணி ஜாஸ்தி சேத்த நீலத்தை எடுத்து வெளிறின எடத்துலேர்ந்து ஆரம்பிச்சு நிழல் பக்கம் போங்க. ஒரே எடத்துல மூணு தடவைக்கு மேல தீத்தாதீங்க, கோபால்ட் குமிஞ்சா நீலம் போய் உலோகக் கருப்பு வரும். வெள்ளையை நிறைய விடுங்க. படகுக்குக் கீழ தண்ணிக்கு மூணு கோடு போதும், வானத்துக்கு ரெண்டு பறவை போதும், அந்த டைல்கள்ல பாதிக்கு மேல வெறும் வெள்ளைதான்.

தட்டு, ஜாடின்னா அந்தக் காலத்துல வரைஞ்சதுக்கு மேல க்வார்ட்னு மெல்லிசா ஒரு தெளிவான ஈய க்ளேஸை ப்ரஷால தெளிச்சாங்க, சுட்டதும் சீனப் பீங்கான் பளபளப்பு வந்துச்சு. டைலுக்கு அது தேவையில்ல.

ரெண்டாவது சுடலுக்கு உங்க க்ளேஸ் பாக்கெட்ல போட்டிருக்கற சூட்டையே பின்பற்றுங்க, பொதுவா 1000லேர்ந்து 1040க்குள்ள இருக்கும். வரைஞ்ச டைலை ஓரத்தைப் புடிச்சு மட்டும் தூக்குங்க. கரண்ட் சூளை நல்லது, விறகுச் சூளைல புகையும் சாம்பலும் படாம இருக்க அந்தக் காலத்துல மண் பெட்டிக்குள்ள வச்சுதான் சுட்டாங்க, தட்டை மூணு மண் ஆணி மேல தாங்க வச்சு அடுக்குவாங்க, பழைய தட்டுல தெரியற மூணு சின்னத் தழும்பு அதோடதுதான். உச்ச சூட்டுல ஒரு 15 நிமிஷம் நிறுத்தினா க்ளேஸ்ல வந்த குமிழெல்லாம் அடங்கும். தானா ஆற விடுங்க, 100 டிகிரிக்குக் கீழ வராம கதவைத் திறக்காதீங்க.

வெளிய எடுத்ததும் ஜன்னல் வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க. வெள்ளை சுருண்டு மண்ணு தெரிஞ்சா பிஸ்க்ல தூசி எண்ணெய் இருந்திருக்கும், இல்ல க்ளேஸ் தடி. ஊசி ஓட்டைன்னா பிஸ்க் சூடு பத்தல, இல்ல ரெண்டாவது சுடல் அவசரமா ஏறியிருக்கு. கோடு கலங்கி ஓடியிருந்தா சூடு ஜாஸ்தி, இல்ல கலர்ல ஃப்ரிட் அதிகம். நீலம் சொரசொரன்னு வறண்டு நின்னா அதுக்கு எதிர், கோபால்ட் தடி, ஃப்ரிட் கம்மி. கொஞ்ச நாள் கழிச்சு முடிக்கோடு விழுந்தா மண்ணுல கால்சியத்தைக் கூட்டிப் பாருங்க. ஒவ்வொரு டைல் பின்னாடியும் மண்ணு கலவை, க்ளேஸ், சூடு மூணையும் மாங்கனீஸால எழுதிட்டு சுடுங்க, நோட்டு தொலைஞ்சாலும் டைல் இருக்கும், அடுத்த தடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க.